மெல்லிய இரட்டைக் கோடு

கிட்டாரில் கடைசி ஈ மைனர் விழுந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வந்த வேலை முடிந்தது என்று நினைத்தாள்.

கைத்தட்டல் எழுந்தது. முன்வரிசையில் தொடங்கி சர்ச் ஹாலின் கடைசி நாற்காலி வரை. தட்டியவர்களில் பாதிப்பேர் அவளுடைய மாணவர்கள். வேப்பேரிப் பக்கம் கிளாசிக்கல் கிட்டார் படித்தவர்கள் யாராயிருந்தாலும் அவளிடம் படித்தவர்கள்தான். அவளிடம் படித்தவர்கள் எல்லாரும் இந்தப் பாட்டை வாசித்தவர்கள்தான். எங்கே முடியும் என்று அவர்களுடைய விரல்களுக்கே தெரியும்.

மேடையில் இருந்தவன் எழுந்திருக்கவில்லை.

லிஸ்பனிலிருந்து வந்த இளைஞன். இடது காலைச் சின்ன மணைமேல் வைத்து, கிட்டாரின்மீது கவிந்து உட்கார்ந்திருந்தான். சத்தம் கேட்டு நிமிர்ந்தான். திகைத்தான். லேசாகச் சிரித்தான். சத்தம் அடங்கும்வரை கூடக் காத்திராமல் அடுத்த வரியை வாசிக்கத் தொடங்கினான்.

அடுத்த வரி.

அப்படி ஒன்று கிடையாது.

தட்டிய கைகள் பாதியில் நின்றன.

"ஃப்ரீயா கூப்ட்டா இப்படித்தான்டா, நிறுத்தவே மாட்டாங்க," என்றான் பின்வரிசையில் ஆரோன். யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

அவளுக்கும் கேட்டது. சிரிப்பு வரவில்லை.

அதே மெட்டு. அதே விரல் நடை. சோகமான மைனர் போய், வெளிச்சமான மேஜருக்கு மாறியிருந்தது. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் யாரோ கேட்காமல் ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி.

அவன் இட்டுக்கட்டவில்லை. அது கேட்டவுடனே தெரிந்தது. பழைய கை எழுதிய பாட்டு. பாரிஸில் பாடம் சொல்லிப் பிழைத்த ஒரு ஸ்பானியர், தன் மாணவர்களுக்காக இருநூறு வருஷத்துக்கு முன் எழுதியது. அந்தக் காலத்துக்காரர்கள் மைனரில் தொடங்குவார்கள். நடுவில் மேஜருக்குப் போவார்கள். திரும்ப மைனருக்கு வந்து முடிப்பார்கள்.

தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே அவள்தான்.

இந்தப் பாட்டை மட்டும் அவள் அந்தக் கணக்கில் வைத்ததில்லை. இது சின்னது. ஒரு பக்கம்.

அந்தப் பக்கத்தை ஜெபசிங் கொண்டுவந்தார். கல்யாணமான புதிதில், ஏதோ ஒரு நூலகத்துப் புத்தகத்திலிருந்து ஜெராக்ஸ் எடுத்து, மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்து.

"ஒரே பக்கந்தான். பயப்படாத."

அவருக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. மனைவிக்குப் பிடிக்கும் என்பது மட்டும் தெரியும்.

பக்கத்தின் அடியில் இரட்டைக் கோடு இருந்தது. இரண்டும் மெல்லியதாக இருந்தால் ஒரு பகுதி முடிந்தது என்று பொருள். இரண்டாவது கோடு தடித்திருந்தால் பாட்டே முடிந்தது. ஜெராக்ஸில் மை ஊறி இரண்டாவது தடித்துத் தெரிந்தது. அவள் அப்படித்தான் படித்தாள். எல்லாருக்கும் அப்படித்தான் எழுதிக்கொடுத்தாள்.

புத்தகத்தில் அந்தத் தாளுக்கு மறுபக்கம் இருந்திருக்கிறது.

மேடையில் அவனுடைய இடது கை கிட்டாரின் கழுத்தில் மேலே மேலே ஏறியது. அவள் கையும் புடவை மடிப்பில் கூடவே தேடிப்பார்த்தது. அவள் போகாத இடங்கள். வலது கையில் வாசிப்புக்காக வளர்த்த நகம் ஒன்று ஜரிகையில் மாட்டிக்கொண்டது. எடுக்கத் தோன்றவில்லை.

பக்கத்தில் லிடியா குனிந்தாள். மாணவர்களில் மூத்தவள்.

"மிஸ், இத நீங்க எங்களுக்குச் சொல்லித் தரவே இல்லையே?"

குறை சொல்லவில்லை. கேட்டாள், அவ்வளவுதான்.

போன வருஷம் இதே நாளில் வீட்டு முன்னறையில் இந்தப் பாட்டை அவள் வாசித்தாள். ஜெபசிங்குக்காக. நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு. பாஸ்டர் ஜெபத்தை முடித்துவிட்டு நின்றார். மூடியைப் பிடித்துக்கொண்டு இருவர் நின்றார்கள். அவள் வாசித்து முடிக்கட்டும் என்று எல்லாரும் அவள் முகத்தையே பார்த்திருந்தார்கள்.

கடைசி ஈ மைனர் அடங்கியது. அவள் தலையசைத்தாள்.

மூடினார்கள்.

அதன்பிறகு இதைத் தொடவில்லை. பிள்ளைகள் வாசித்தால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். இன்று நினைவுநாள். விருந்தாளியிடம் இதை வாசிக்கச் சொன்னதும் அவள்தான். ஒருமுறை, ஒரே ஒருமுறை, முடிவுவரை உட்கார்ந்து கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தாள்.

பாதியில் தலையசைத்திருக்கிறாள்.

ஹாலில் மின்விசிறிகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன.

மேஜர் தணிந்தது. ஒரு சின்ன இடைவெளி.

பிறகு முதல் வரி. எல்லாருக்கும் தெரிந்த முதல் வரி. ஹால் மூச்சுவிட்டது. பிள்ளைகளின் விரல்கள் முழங்கால்மேல் கூடவே நடந்தன. அவள் விரல்களும் நடந்தன.

ஈ மைனர் மறுபடி விழுந்தது.

அதே இடம்.

யாரும் தட்டவில்லை.

மேடையில் அவன் கையைத் தந்திகளிலிருந்து எடுக்கவில்லை. தலையும் நிமிரவில்லை. ஒருமுறை அசடு வழிந்த கைகள் எல்லாம் மடியில் கிடந்தன.

முன்வரிசை திரும்பியது. ஆரோன் எழுந்து எட்டிப் பார்த்தான். முடிந்துவிட்டதா என்று மிஸ்ஸின் முகத்தில் தேடினார்கள்.

ஒலி இன்னும் அடங்கவில்லை.

அவள் தலையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.