லாக் விழுந்த சனிக்கிழமைகள்

சிஜி என் காருக்குள் உட்கார்ந்து சாவியை உருவினாள். ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினாள். வலப்பக்கம் திருப்பினாள். தங்குதடையில்லாமல் சுற்றியது.

சாவி இல்லாமலே சுற்றுகிறது என்றால் உள்ளே லாக் இல்லை. பந்தயத்துக்கு முன் பரிசோதிக்கிற அவளுக்கு வேண்டியதும் அதுதான். படிவத்தில் ஒரு டிக் போட்டாள்.

எனக்கு உயிர் வந்தது.

விழிஞ்ஞம் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகக் கிடக்கும் கன்டெய்னர் யார்டு. எங்கள் பழைய கார் கிளப்பின் வருடாந்தர ஓட்டம். இருபத்தைந்து வயது தாண்டிய பதினோரு கார்கள். போன வருடம் அரை விநாடியில் கப்பைக் கோட்டைவிட்டேன். இந்த வருடம் விடுவதாக இல்லை.

"சாரே, இந்த லாக் எப்ப எடுத்ததாக்கும்?" என்றாள் சிஜி, பேனாவைத் தூக்கியபடி.

மூன்றடி பின்னால், குடையும் கைப்பையுமாக, என் மனைவி லலிதாம்பாள் நின்றுகொண்டிருந்தாள். குடும்பத்தோடு வரலாம், மதியம் இலைச் சாப்பாடு உண்டு என்று கிளப்பில் சொன்னதை நம்பி முதல் தடவையாக வந்திருக்கிறாள்.

பழைய கார்களில் சாவித் துவாரம் தேய்ந்துபோகும். வேகமாக வளைக்கும்போது குலுங்கிச் சாவி தானாகப் பின்னால் திரும்பும். உள்ளே விரல் அளவு இரும்பு ஆணி ஒன்று விழுந்து ஸ்டியரிங்கைப் பூட்டிவிடும். அதுதான் லாக்.

எட்டு வருடம் முன்பு, இதே யார்டில், எனக்கு அது விழுந்தது. வளைவில் ஸ்டியரிங் அப்படியே நின்றுவிட்டது. நேராகப் போய் டயர் அடுக்கில் மோதினேன். என் மேல் ஒரு கீறல்கூட இல்லை. மறுநாளே சாலைக் கடைத்தெரு மெக்கானிக் தாணுலிங்கம் அந்த ஆணியை உருவி எடுத்துவிட்டார்.

வீட்டில் நான் மூச்சு விடவில்லை. தெரிந்தால் லலிதா காரை விற்றுவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பாள்.

மூச்சு விடாததில் ஒரு லாபமும் இருந்தது.

அவளுடைய அண்ணா சுசீந்திரத்தில் இருக்கிறார். தங்கமான மனிதர். பாடுவார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டு, கதவைச் சாத்திவிட்டு இரண்டரை மணி நேரம் பாடுவார். நாங்கள் தாளம் போட வேண்டும். தாளம் தப்பினால் கோபித்துக்கொள்ள மாட்டார். மறுபடி பல்லவியிலிருந்து ஆரம்பிப்பார்.

அதனால், அந்தந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், எங்கள் வலியசாலை வீட்டு வாசலில், என் காரில் இல்லாத லாக் விழும்.

ஸ்டியரிங் அசையவில்லை என்று ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு உள்ளே வந்து சொல்வேன். பஸ் அவளுக்கு ஆகாது, குமட்டும். ரயிலில் கூட்டம் ஆகாது. ஞாயிறு காலை தாணுலிங்கம் சரிசெய்துவிட்டதாக இன்னொரு பொய். பாவம், அவள் ஒரு வார்த்தை பேச மாட்டாள். சனிக்கிழமை மத்தியானம் அடைக்கு அரைப்பாள். அந்த நாட்களில் அடை ஏனோ பிரமாதமாக அமைந்துவிடும்.

இப்போது சிஜிக்கு என்ன சொல்வது?

நேற்று எடுத்தேன் என்று சொல்லலாம். புதிதாக எடுத்தது என்றால் உடைந்த துண்டு ஏதாவது உள்ளே கிடக்கிறதா என்று ஸ்டியரிங் தண்டைப் பிரித்துக் காட்ட வேண்டுமாம். அதற்குள் பந்தயம் முடிந்து இலை போட்டுவிடுவார்கள்.

எட்டு வருடம் ஆயிற்று என்றால் எடுத்த ஆணியைக் காட்ட வேண்டும். இந்த வருடத்துப் புது விதி, வீட்டுக்கு வந்த அழைப்பிதழின் பின்பக்கம் அச்சடித்திருந்ததாம்; நான் புரட்டிப் பார்க்கவில்லை. ஆணி இல்லையென்றால் மெக்கானிக்கை ஸ்பீக்கரில் கூப்பிட்டால் போதும் என்றாள் அவள், பெரிய மனதோடு.

தாணுலிங்கத்தின் குரல் ஸ்பீக்கர் இல்லாமலே பத்து வீடு கேட்கும்.

போனைக் கையில் எடுத்தேன். என் சிவப்புக் காரைப் பார்த்தேன். கதவில் ஒட்டியிருந்த ஏழாம் நம்பரைப் பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் குடை மடங்கும் சத்தம் கேட்டது.

கப் போனால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். இந்த வருடம் நான் ஓட்டவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

லலிதா முன்னால் வந்தாள். கைப்பையைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை சிஜியின் மேசையில் வைத்தாள்.

சிஜி பிரித்தாள். உள்ளே விரல் அளவு இரும்பு ஆணி. துருப் பிடிக்காமல் எண்ணெய் தடவி வைத்திருந்தது. பொட்டலம் கட்டிய காகிதம் தாணுலிங்கத்தின் பில். எட்டு வருடப் பழைய தேதி.

கழற்றிய சாமானை வீட்டில் சேர்க்காவிட்டால் தாணுலிங்கத்துக்குத் தூக்கம் வராது. அது எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் குளித்துக்கொண்டிருந்தபோது அவர் வந்துவிட்டுப் போனதுதான் தெரியாது.

எட்டு வருடம். தொண்ணூறு சனிக்கிழமையாவது இருக்கும். நான் விட்ட பெருமூச்சு ஒவ்வொன்றும் ஞாபகம் வந்தது. அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

சிஜி முத்திரை குத்தினாள். கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கர் ஏறியது. லலிதா ஆணியைத் திரும்ப வாங்கி, அதே பில்லில் சுற்றி, பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அவள் போன் அடித்தது. சுசீந்திரத்து அண்ணா. வருகிற சனிக்கிழமைக்குக் கூப்பிடுகிறார்.

எஞ்சின் சத்தத்துக்கு ஒரு காதைப் பொத்திக்கொண்டாள். நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது.

"மறுபடியும் லாக் விழுந்துடுத்துண்ணா. ஸ்டியரிங் அசையவே மாட்டேங்கறது."

அந்தச் சனிக்கிழமைக்கு நான் இன்னும் பொய்யே சொல்லியிருக்கவில்லை.