இழுக்கச் சொல்ல இரண்டு சொல்

தோள்பட்டை எரிகிறது. ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், உச்சி வெயிலில், மிதக்கும் படாக் மரத்தைக் கயிறு கட்டி இழுக்கிறோம். மரத்துக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிய சேக் தாவூதின் டிங்கி நெரிகிறது. அவன் பிழைப்பே அந்தப் படகுதான். "ஹேல்" என்று குரல் கொடுக்கிறான் ஜம்புலிங்கம். வெள்ளைக்காரன் கப்பலில் அவன் அப்பா கேட்டுப் பழகிய கட்டளை. "அது செத்துப்போன இங்கிலீஷ்யா. இப்ப ஹால்தான். ரெண்டும் இழுக்கச் சொல்றதுதான்," என்கிறார் ஜெட்டி குமாஸ்தா பக்தவத்சலம். "செத்ததே இம்புட்டு இழுக்குதே. ஆவோ சார், வந்து உசுரோட இருக்கறத நீங்க சொல்லுங்க," என்கிறான் ஜம்புலிங்கம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கயிற்றைப் பிடிக்கிறார். அவன் ஹேல் என்றதும் குதிகால் ஊன்றுகிறோம். அவர் ஹால் என்றதும் இழுக்கிறோம். மரம் முனகி விலகுகிறது. டிங்கி நீரில் துள்ளி நிற்கிறது. தாவூத் அதன் பலகையைத் தடவியபடி சொல்கிறான்: "ஒரு வலை மீனு ஒங்களுக்குக் கடன்."