அந்தப் பக்கத்துக் கால்

அந்தப் பக்கத்துக் கால் நகரவில்லை.

இந்தப் பக்கத்துக் கால் மட்டும் தண்டவாளத்தில் போய்க்கொண்டிருந்தது.

கிரேனின் இரண்டு கால்களுக்கும் மேலே குறுக்காகக் கிடந்த இரும்பு உத்தரம் முனகியது. அதன் ரிமோட் அவன் கையில். விரல் பொத்தானின் மேல்.

உத்தரத்தின் நடுவில், முழங்கால் உயரத்தில், பதினாறு டன் கிரானைட் கல் தொங்கியது.

கல் ஆடாமலிருக்க அதன்மேல் கை வைத்து, பின்னோக்கி நடந்துகொண்டிருந்தான் மாதையன். அவனுடைய தங்கை புருஷன். மாதையனைக் கூட்டிவந்து இந்தக் கல் யார்டில் வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவன்தான்.

மாதையனின் முதுகுக்குப் பின்னால் அறுத்த பலகைக் கற்களின் அடுக்கு. இடையில் அதிக இடமில்லை.

முன்பு சக்கரங்களின் நாலு மோட்டாருக்கும் தனித்தனி இணைப்பு. ஒன்று படுத்துக்கொண்டால் கிரேனே நின்றுவிடும். போன வாரம் நாலையும் ஒரே டிரைவில் கோத்துவிட்டார்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற அந்தப் புதுப் பெட்டிக்கு மொத்தக் கணக்குதான் தெரியும். எது இழுக்கிறது, எது செத்துவிட்டது என்று தெரியாது.

பெட்டியருகே நின்ற எலெக்ட்ரீஷியன் குபேந்திரன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

"மாப்பிள்ள, வெளிய வா!"

ரிமோட்டோடு நின்ற அவன் கத்தியதைக் கல்லறுக்கும் ரம்பங்களின் இரைச்சல் விழுங்கியது. மாதையனின் கண் கல்லிலேயே இருந்தது.



சிவப்புப் பொத்தானை அடித்தால் பிரேக் சட்டென்று பிடிக்கும். கல் முன்னால் வீசி மாதையனை அடிக்கும்.

விரலை எடுத்தால் மெதுவாகத்தான் நிற்கும். கல் ஆடக் கூடாதென்று அப்படி அமைத்திருந்தார்கள். அதற்குள் இந்தக் கால் இன்னும் கொஞ்சம் போகும். உத்தரம் இன்னும் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும்.

சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறத் தொடங்கியதைப் பார்த்தான். முழுசாக ஏறினால் கிரேனே சாயும்.

விரலை எடுத்தான். அதே விரலால் கல்லை இறக்கும் பொத்தானை அழுத்தினான்.

கல் இறங்கியது.

இறங்கிக்கொண்டே இருந்தது.

மண் அதிர்ந்தது. கம்பிவடம் தொய்ந்தது. அப்போதுதான் சிவப்பை அடித்தான்.

கிரேன் கோணலாக நின்றது.

புழுதி.

கல்லுக்கு அந்தப் பக்கம் யாரும் தெரியவில்லை.

தங்கையின் முகம் வந்தது. அவளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று மனசு வார்த்தை தேடத் தொடங்கிவிட்டது. சீ என்று உதறினான்.

"மச்சான்."

கல்லுக்குப் பின்னாலிருந்து.

"செருப்பு அடியில மாட்டிக்கிச்சு மச்சான். லேசா தூக்குங்க, எடுத்துக்குறேன்."

அவன் ரிமோட்டைத் தரையில் வைத்தான். முறுக்கிக்கொண்டு நின்ற உத்தரத்தின் அடியில் நடந்தான். ஓடவில்லை. ஓடினால் அது விழித்துக்கொள்ளும் போலிருந்தது. மாதையனின் கையைப் பிடித்தான். இழுத்துக்கொண்டு வந்தான்.

"ஏன்ணா நிறுத்திட்ட?" குபேந்திரன் பெட்டியைக் காட்டினான். "எல்லாம் நார்மலாதான காட்டுது."

அவன் நிற்காமல் நடந்தான்.

யார்டு வாசலைத் தாண்டியும் பிடித்த பிடியை அவன் விடவில்லை. ஒற்றைச் செருப்போடு நொண்டி நொண்டி வந்த மாதையன், அது எத்தனை ராசியான செருப்பு என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

கை நடுங்கிக்கொண்டே இருந்தது. தன் கைதான் என்று அவன் நினைத்தான். அவமானமாக இருந்தது.

புளிய மரத்தடியில் பிடியை விட்டான்.

அவன் கை அசையாமல் இருந்தது.

மாதையன் சிரித்தபடியே தன் கையை அவசரமாகச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.