காலடிக்கு ஒரு டார்ச்

"அண்ணே, ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்குங்க. வெளிச்சம் வருது."

கடைக்காரர் சடையப்பனுக்கு எரிச்சலாக வந்தது. மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் பட்டப்பகலில் ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்தால் வியாபாரம் விளங்கின மாதிரிதான்.

"இது எட்டாவது டார்ச்சும்மா. நகை எடுக்கிறவங்க கூட இவ்ளோ பார்க்க மாட்டாங்க."

செந்தாமரை கையிலிருந்ததைச் சுவரில் அடித்துப் பார்த்தாள். நடுவில் கண் கூசும் வெள்ளை வட்டம். சுற்றிலும் கும்மிருட்டு.

"வேணாம்ண்ணே. வட்டம் சின்னதா இருக்கு."

"அது அரை கிலோமீட்டர் அடிக்கும்மா. எல்லாரும் அதைத்தான் கேட்டு வாங்குறாங்க."

"தூரம் எனக்கு வேணாம். கால்கிட்ட பரவலா விழணும். ஓரம் இருட்டடிக்கக் கூடாது."

ஏன் என்று மட்டும் அவர் கேட்டுவிடக் கூடாதே என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

அவள் புருஷன் அருளுக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. நிலக்கரி போகிற பெல்ட்டை ஒட்டிய இரண்டு பக்கமும் கம்பி கட்டிய ஒற்றையடி இரும்புத் தகட்டுப் பாதையில், உருளை எதுவும் சிக்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். நாலு மாதமாகப் பொழுது சாய்ந்தால் அவனுக்குக் கண் தெரிவதில்லை. மாலைக்கண். வெளியே தெரிந்தால் மறுநாளே கேட் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்று டாக்டரிடம்கூடப் போகவில்லை. நேற்று ஷிஃப்ட் முடிந்து வந்தபோது முழங்காலில் தோல் வழன்றிருந்தது. இன்றைக்கும் ராத்திரி ஷிஃப்ட்தான்.

போதாக்குறைக்கு ஃபோர்மேன் ராஜாங்கம் வேறு.

"அந்த ஆளு என்னை ஒரு நிமிஷம் தனியா வுடமாட்டேங்குறான். எங்க போனாலும் கூடவே வரான். திருடனைப் பார்க்குற மாதிரி என் பக்கமே டார்ச் அடிச்சிகினு இருக்கான்" என்று அருள் புலம்பாத நாளில்லை. ஷிஃப்ட்டில் தூங்கிய ஒருத்தனைப் போன மாதம் வீட்டுக்கு அனுப்பிய மனுஷர் அவர்.

ஒன்பதாவது டார்ச்சை அடித்தாள். வெளிச்சம் சுவர் முழுக்கச் சீராகப் பரவியது. தரையில் அடித்தாள். தன் இரண்டு காலும், பக்கத்திலிருந்த ஸ்டூலும், அதற்கப்பால் கிடந்த ஒயர் சுருளும் தெரிந்தன. அவளுக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

"இதையே குடுங்கண்ணே."

"அது ஒண்ணே ஒண்ணுதாம்மா இருக்கு. பெட்டி தேடி எடுக்குறேன், இரு."

அந்த நேரம் பார்த்து ஷட்டருக்கடியில் குனிந்து ஒருத்தர் உள்ளே வந்தார். ராஜாங்கமேதான்.

"நல்லா பரவலா அடிக்கிற டார்ச் இருக்கா சடையப்பா?" என்றவர், மேஜைமேல் இருந்ததை எடுத்துத் தரையில் அடித்துப் பார்த்தார். "இதுதான். இதைப் போடு."

"சார், அது நான் எடுத்து வெச்சதுங்க."

அவர் அப்போதுதான் அவளைப் பார்த்தார். "அருள் சம்சாரம்தானே நீ? உனக்கு எதுக்கும்மா இது?"

"வூட்டுக்குத்தாங்க. கரண்ட் போனா வேணும்னு."

"வூட்டுக்குன்னா எதுவா இருந்தா என்ன? வேற எடுத்துக்க. இது எனக்கு அவசரமா வேணும்."

பணத்தைக் கொடுத்துவிட்டு, பெட்டிகூட வாங்காமல் சட்டைப்பையில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார். சடையப்பன் அசடு வழிந்தார். பெரிய இடத்து ஆள் கேட்டால் அவர் மட்டும் என்ன செய்வார்.

செந்தாமரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பர்மனென்ட் வேலை, குவார்ட்டர்ஸ், எல்லாம் இருக்கிறவருக்கு இந்த ஒரு டார்ச்சுமா வேண்டும்? ராத்திரி அருள் வெறுங்கண்ணோடு அந்தப் பாதையில் நடப்பதை நினைத்ததும் கோபமெல்லாம் பயமாகிவிட்டது. ஓடிப்போய் அவர் பைக் முன்னால் நின்றாள். மானம் போனாலும் பரவாயில்லை.

"சார், அதை எனக்குக் குடுத்துடுங்க. வூட்டுக்கு இல்லீங்க. அவருக்கு..."

"அருளுக்கு ராத்திரியில கண்ணு தெரியல. அதானே?"

அவள் பைக்கின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்மா."

"சார், வேலையிலேர்ந்து எடுத்துடாதீங்க சார். ரெண்டு புள்ளைங்க."

"யாரு எடுக்கப் போறா? கான்ட்ராக்டர்கிட்ட பேசி ஒண்ணாந்தேதிலேர்ந்து பகல் ஷிஃப்ட் வாங்கியிருக்கேன். நீ மொதல்ல நாளைக்கே கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போ. ஒளிச்சு வெக்கிற வியாதியா இது?"

செந்தாமரைக்கு அழுகை முட்டியது. இருந்தாலும் இன்றைய ராத்திரி இருக்கிறதே.

"அப்ப அந்த டார்ச்சை மட்டும் அவர் கையில குடுத்துடுங்க சார்."

"அவன் கையில எதுக்கு? ரெண்டு கையாலயும் அவன் கம்பியைப் புடிச்சிகினு வரணும்மா" என்று பைக்கை உதைத்தார் ராஜாங்கம். "நாலு மாசமா முன்னால நடந்துகினே அவன் காலுக்கு நான்தான் டார்ச் அடிக்கிறேன். என் பழைய டார்ச்சுல வட்டம் சின்னது, நேத்து அதுக்கு வெளியில கால் வெச்சிட்டான்."