விழுந்த கீல்

கீல் விழுந்த சத்தம் சின்னதுதான். சிமெண்டுத் தரையில் ஒரு 'ணங்'.

விழுந்தது அதைச் செய்த அவள் கையிலிருந்து இல்லை. சோதிக்க வந்தவர் கையிலிருந்து.

பெங்களூர் கம்பெனியின் ஆய்வாளர் நாகபூஷண் குனிந்து எடுத்தார். கைக்குட்டையால் துடைத்தார். மேசையில் இருந்த மற்ற நாலு கீல்களின் ஓரத்தில் வைத்தார்.

"ஒண்ணும் ஆகலை," என்று சிரித்தார்.

ஒரு கீறல்கூட இல்லை. அவளும் பார்த்தாள்.

விமானத்தின் சரக்கறைக் கதவைத் தாங்கும் கீல். உள்ளங்கையில் அடங்கும்.

ஒரு காலத்தில் வெளிநாட்டில் விமானம் கட்டுகிறவர்களே இதைத் தங்கள் தொழிற்சாலைக்குள் செய்துகொண்டார்கள். பிறகு பக்கத்து ஊர்க் கம்பெனிக்குக் கொடுத்தார்கள். அந்தக் கம்பெனி கடல் தாண்டி பெங்களூருக்குக் கொடுத்தது. பெங்களூருக்கு இப்போது முழுக் கதவையும் செய்யும் வேலை வந்துவிட்டது. கீல் செய்ய ஆள் தேடி, கோவை கணபதியில் இருக்கும் அவளுடைய தகரக் கொட்டகைவரை வந்திருக்கிறார்கள்.

வாசல் பெயர்ப்பலகையில் இன்னும் தண்ணீர் பம்பு படம்தான்.

மாதிரிக்கு ஐந்து கீல். ஐந்தும் இன்று அவரோடு போக வேண்டும். போகாவிட்டால் வேலை ஓசூர்க்காரர்களுக்கு.

பம்பு வேலையில், கீழே விழுந்ததை ஊதி எடுத்து மாட்டிவிடுவார்கள். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால், என்றைக்கோ ஒருநாள் தண்ணீர் நிற்கும். மெக்கானிக் வருவார். சரிசெய்வார்.

ஆகாயத்துக்கு மெக்கானிக் வர முடியாது.

அதனால் இந்த வேலையில் விழுந்தது விழுந்ததுதான். கண்ணுக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும், கழித்ததைப் போடும் சிவப்புப் பெட்டிக்குள் போக வேண்டும். கீல் எத்தனை கை மாறியதோ, இந்த விதியும் அத்தனை கை மாறி அவளிடம் வந்திருந்தது.

அவள் அந்தக் கீலை எடுத்தாள்.

பூட்டியிருந்த சிவப்புப் பெட்டியின் துளைக்குள் போட்டாள்.

நாகபூஷணின் சிரிப்பு நின்றது.

அவள் பம்பு செய்த நாளிலிருந்து கூடவே இருக்கும் ரங்கராசு முணுமுணுத்தான்.

"நல்லவேளைங்க்கா, சார் கையில இருந்து விழுந்துச்சு. என் கையா இருந்தா என்னையும் சேத்து உள்ள போட்டிருப்பீங்க."

"பேசினது போதும். புதுக் கட்டியை ஏத்து."

அவன் அலுமினியக் கட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். அதைக் கடைந்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிடும். அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கீழ போட்டது நான்தானேம்மா," என்றார் அவர். "நானே சரின்னு சொல்றேன். ஆறு மணிக்கு எனக்கு ஃப்ளைட் வேற இருக்கு."

"நீங்க ஃப்ளைட்ல போறீங்கல்ல," என்றாள். "அதுக்குத்தானுங்க சார்."

ரங்கராசு இயந்திரத்தின் கதவை இழுத்து மூடினான். வெட்டுமுனை சுழலத் தொடங்கியது.

நாகபூஷண் அவளைப் பார்த்தார். சிவப்புப் பெட்டியைப் பார்த்தார்.

பிறகு தோள்பையைக் கழற்றி வைத்துவிட்டு, நாற்காலியை இயந்திரத்தின் பக்கம் இழுத்துப் போட்டார்.