ஆறாவது குண்டூசி

கோழியிலிருந்து ஐந்து குண்டூசிகள் வந்துவிட்டன. ஆறாவதைக் காணவில்லை.

தையல்காரி தட்டை விளக்குக்குக் கீழே இழுத்து இன்னொரு தடவை பார்த்தாள். ஓவன் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கிய முழுக்கோழி, தோல் முறுகி, வெண்ணெய் வடிய, ஒன்றும் அறியாததுபோல் மல்லாந்து கிடந்தது.

கோழி வயிற்றுக்குள் எலுமிச்சையும் பூண்டும் அடைத்தால் மற்றவர்கள் நூலால் கட்டுவார்கள், இல்லை பல்குச்சியைச் செருகுவார்கள். இவளுக்கு அது சரிப்படவில்லை. துணியின் ஓரத்தை மடித்துக் குத்திப் பழகிய கை. குண்டூசிகளைக் கொதிநீரில் போட்டெடுத்து, கோழித்தோலையும் அப்படியே மடித்துக் குத்திவிடுவாள். டப்பாவிலிருந்து ஆறு எடுப்பாள், ஆறும் டப்பாவுக்குத் திரும்பும். இத்தனை வருஷத்தில் ஒன்றுகூடத் தவறியதில்லை.

தவறுவதற்கு இன்றைக்குத்தானா நாள் பார்க்க வேண்டும்?

கூடத்தில் நாத்தனார் சிரிக்கும் சத்தம் கேட்டது. மூன்று வருஷம் கழித்து இந்த வீட்டில் கேட்கும் சிரிப்பு.

அப்போது நாத்தனாரின் மகள் தவழ்கிற குழந்தை. இவள் தரையில் தவறவிட்ட ஊசி அதன் உள்ளங்கையில் ஏறி, உள்ளேயே முறிந்துபோனது. ஆஸ்பத்திரியில் கீறித்தான் எடுத்தார்கள். இனி இந்த வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள் நாத்தனார். பிடிவாதத்தில் அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு. யார் யாரோ சமாதானம் பேசிப் பார்த்தார்கள். கடைசியில் குழந்தையே மாமா வீட்டுக்குப் போகணும் என்று அழுது அடம்பிடித்து, இன்றைக்கு வந்திருக்கிறார்கள்.

வந்த இடத்தில் மறுபடியும் ஊசி.

பயத்தில் தொண்டை வறண்டு உறுத்தியது.

தோல் ஓரத்தில் ஆறாவது ஊசி இருக்க வேண்டிய இடம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அது வழியாகத்தான் உள்ளே நழுவியிருக்க வேண்டும். எலுமிச்சைத் துண்டுகளை எடுத்துப் பிதுக்கினாள். தட்டில் தேங்கிய சாற்றை வடிகட்டினாள். பூண்டுத் தோல்தான் மிஞ்சியது.

கீழே விழும் ஊசிகளைப் பொறுக்க, அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு காந்தம் வாங்கி வைத்திருந்தாள். அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துவந்து கோழியின் மேல் தடவினாள். காந்தம் கோழியை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. இவ்வளவு சதைக்கு அடியில் ஊசி புதைந்திருந்தால் அது மட்டும் என்ன செய்யும்?

அதற்குள் பசி பொறுக்காமல் வீட்டுக்காரர் வந்துவிட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் தட்டைத் தூக்கிக்கொண்டு, ஏதோ பரிசுக் கோப்பையை வென்றவர் மாதிரி கூடத்துக்கு நடந்தார்.

அவள் பின்னாலேயே ஓடினாள்.

கோழிக்கால் தனக்குத்தான் என்று குழந்தை ஏற்கெனவே அறிவித்திருந்தது. மேஜைமேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. வலது உள்ளங்கையில் தழும்பு.

கத்தியை யாரும் தொட அவள் விடவில்லை. ஆவி பறக்கும் கோழியை விரலாலேயே பிய்க்க ஆரம்பித்தாள். விரல் நுனிகள் கன்றின. நார் நாராகப் பிரித்து, எலும்பு எலும்பாகத் துடைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள்.

"என்ன அண்ணி, கோழிக்குப் போஸ்ட்மார்ட்டமா?" என்றாள் நாத்தனார்.

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் பல்லைக் காட்டி வைத்தாள்.

கோழி முழுவதும் பஞ்சாகிவிட்டது. ஊசி இல்லை.

வீட்டுக்காரர் ஒரு கை கறியை அள்ளிக் குழந்தையின் தட்டில் வைத்தார். அவள் பார்த்து முடித்த கறிதான். ஆனால் பார்த்த கண்ணை எப்படி நம்புவது? அன்றைக்கும் தரையை நன்றாகப் பெருக்கிவிட்டுத்தான் குழந்தையை இறக்கிவிட்டாள்.

குழந்தை வாயைத் திறந்தது.

அவள் பாய்ந்து அதன் கையைப் பிடித்தாள். கறி மேஜையில் சிதறியது. குழந்தையின் உதடு பிதுங்கியது. கூடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

சொன்னால் நாத்தனார் எழுந்து போய்விடுவாள். இந்தத் தடவை போனால் அவ்வளவுதான், ஜென்மத்துக்கும் வர மாட்டாள்.

சொல்லிவிட்டாள். தலையை நிமிர்த்தாமல், ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டு, நாற்காலி நகரும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

நாற்காலி நகரவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். நாத்தனார் கோழியைப் பார்க்கவில்லை. குழந்தையைக்கூடப் பார்க்கவில்லை. முகம் வெளிறிப்போய் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி... நான் பெல் அடிச்சதும் வெண்ணெய்க் கையோட வந்து கதவத் தொறந்தீங்களே, அப்ப உங்க உதட்டுல ஒரு குண்டூசி இருந்துச்சு. நான்தான் ஓடி வந்து உங்களக் கட்டிப்புடிச்சேன். அதுக்கப்புறம் அத எங்க வச்சீங்க?"



எச்சிலை விழுங்கப் போன தையல்காரி, அப்படியே நிறுத்திக்கொண்டாள்.