மாமனார் சுற்றிக்கொண்டிருந்தார்

என் வருங்கால மாமனார் எங்களைக் கடந்து போனார்.

"அப்பா, அஞ்சு மணிக்குப் பதிவு ஆபீசை மூடிடுவாங்க," என்றாள் அவள், அவர் முதுகைப் பார்த்து.

பதில் வேண்டுமானால் அவர் ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும். காத்திருந்தோம்.

கூடத்தையே அடைத்துக்கொண்டு ஓர் இரும்பு மேடை சுழன்றுகொண்டிருந்தது. அதன்மேல் ஆளுயரத்துக்கு ஒரு கறுப்புத் தொட்டி. தொட்டியின் விளிம்பை ஒட்டி, ஏணி போட்டு ஏறவேண்டிய உயரத்தில் ஒரு நாற்காலி. அதில் அவர்.

தொட்டிக்குள் இருப்பது கடல். அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். உள்ளே ஒரு பக்கம் சரிவான சுவர்; அது கரை. கரையோரமாக ஒரு மின்விசிறி காற்றை ஓட்டும். பூமி சுற்றுவதுபோல் மேடையும் சுற்றுவதால் மேல்தண்ணீர் கரையை விட்டு விலகும். விலகிய இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறிவரும். நிஜக் கடலில் அந்த அடித்தண்ணீரில்தான் சத்தெல்லாம் இருக்கிறதாம். அதைத் தின்று பாசி, பாசியைத் தின்று பூச்சி, பூச்சியைத் தின்று மீன். எவ்வளவு காற்றடித்தால் எவ்வளவு மீன் என்று கண்டுபிடிப்பதுதான் மாமனாரின் பிழைப்பு.

மேடையை நிறுத்தினால் போச்சு. மேலும் கீழும் கலந்து கடல் கெட்டுவிடும். மறுபடி அடங்க வாரக்கணக்காகும். அதனால் கடல் ஓடும்போது அவரை யாரும் கீழே கூப்பிடுவதில்லை. அவளுடைய பிறந்தநாள்கள்கூடக் கடல் நின்ற பிறகுதான் வந்திருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் கோப்பை வாங்கிய அன்று, மேடை கூடவே நடந்து நடந்து அதைத் தூக்கிக் காட்டியிருக்கிறாள், பாவம்.

இன்று எங்களுக்குக் கல்யாணம். அப்பா வாயால் ஒரு வார்த்தை சொல்லாமல் கையெழுத்துப் போடமாட்டாளாம். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதில் அப்பாவும் பெண்ணும் ஒரே அச்சு.

நான் பல் டாக்டர். வாயைத் திறக்க வைப்பதுதான் என் தொழில். இந்த ஒரு வாய் மட்டும் எனக்கு வசப்படவில்லை. என்னை இதுவரை 'தம்பி' என்றுகூடக் கூப்பிட்டதில்லை மனுஷன். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்; "வந்திருக்கிறவருக்கு டீ குடும்மா" என்பார் அவளிடம்.

அதோ, வந்துவிட்டார். வேறு யார் கல்யாணத்துக்கோ கிளம்பியவர்போல் மடிப்புக் கலையாத புதுச் சட்டை. எங்களை வெறுப்பேற்றத்தான்.

"பாத்துக்கிட்டு இருக்கேன்ல," என்றார், தொட்டிக்குள் குனிந்தபடி. போய்விட்டார்.

"என்னத்தப் பாக்குறாரு? விசிறிகூட ஓடல."

"காத்து நின்னா என்ன ஆகுதுன்னு பாப்பாரு. நீங்க சும்மா இருங்க."

சும்மா இருக்க நான் என்ன சாமியாரா? உள்ளே நுழையும்போதே தரையெல்லாம் ஈரம். கல்யாணப் பேன்ட்டோடு வழுக்கி விழப் பார்த்தேன். அதையும் பொறுத்துக்கொண்டுதான் நிற்கிறேன். மேடையை ஓட்டும் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஆபரேட்டர் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, எங்களைப் பார்ப்பதும் கூரையைப் பார்ப்பதுமாக இருந்தார். பல்வலி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மறுபடி வந்தார்.

"அப்பா, ஒரே ஒரு வார்த்த..."

"முக்கியமான கட்டம்மா."

போய்விட்டார்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கடலை ஒரே மூச்சில் குடித்திருப்பேன். அதற்குள் அவள் செருப்பைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு, ஓடுகிற மேடையில் கால் வைத்து ஏறிவிட்டாள்.

கடல் ஓடும்போது அதில் யாரும் ஏறக்கூடாது. ஆபரேட்டர் அலறப்போகிறார் என்று பார்த்தேன். அவர் கூரையைத்தான் பார்த்தார்.

அவள் ஏணியில் ஏறினாள். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். மேடை இருவரையும் அந்தப் பக்கம் கொண்டுபோனது.

திரும்பி வந்தபோது அவர் தோளில் முகத்தைப் புதைத்திருந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"என்ன ஆச்சு?" என்று கத்தினேன்.

"ஏறி வந்து பாருங்க!"

ஏறினேன். எட்டிப் பார்த்தேன்.

தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அடித்தண்ணீருக்குப் போட்ட நீலச்சாயம் மட்டும் கரைச்சுவரில் காய்ந்து கிடந்தது.

"காலையிலேயே கடலைத் தொறந்துவிடச் சொல்லிட்டாருங்க!" கீழேயிருந்து ஆபரேட்டர் கத்தினார். "பொண்ணு கல்யாணத்துக்குப் போகணும்னு..."

மீதியைக் கேட்க நாங்கள் ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டியிருந்தது.

"...புதுச் சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு, கடைசியா ஒரு சுத்துன்னு ஏறினாரு. அப்புறம் எறங்க மாட்டேங்கறாரு!"

மாமனார் காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது நின்னா நீ கெளம்பிடுவியேம்மா," என்றார்.

அவள் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். பிறந்ததிலிருந்து அந்தக் கூடத்தில் ஒருநாளும் சொல்லாத வார்த்தையை ஆபரேட்டரைப் பார்த்துச் சொன்னாள்.

"நிறுத்துங்க."

மேடை முனகிக்கொண்டே நின்றது.

முதலில் நான் இறங்கினேன். அடுத்து அவள். கடைசியாக அவர் ஏணியைப் பிடித்து இறங்கி, அசையாத தரையில் கால் வைத்தார். இத்தனை வருடம் சுற்றியும் அசராத மனிதர், நின்ற இடத்தில் தள்ளாடினார். அவள் சட்டென்று கையை நீட்டினாள். அவர் அதைத் தாண்டி என் பக்கம் கையை நீட்டினார்.

"கொஞ்சம் பிடிச்சுக்குங்க மாப்பிள்ள. தல சுத்துது."